பூட்டன் ஊர் அட்டை கைக்கு வந்த பிறகு: வரி, தங்கல், வங்கி, நிலம்

தோட்டத்துப் பையன், 9 ஜூலை 2023

இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ (ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா) அட்டை வந்துவிட்டது. இங்கே மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் யாரைக் கேட்டாலும் இதே பேச்சுதான்: இனி இரட்டைக் குடியுரிமை, இரண்டு நாட்டிலும் வரி கட்ட வேண்டும், நாமக்கல் பக்கம் இரண்டு ஏக்கர் வாங்கிப் போடலாம். இதில் எது உண்மை?

கிராணி மகள், 9 ஜூலை 2023

தம்பி, மூன்றுமே தப்பு.

அட்டையின் பெயரில் 'சிட்டிசன்' இருக்கிறது, அவ்வளவுதான். இந்திய அரசியலமைப்பு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 1955 குடியுரிமைச் சட்டத்தின் 7ஏ பிரிவு தருவது ஆயுள்கால விசா. எத்தனை மாதம் தங்கினாலும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குப் போகத் தேவையில்லை. வேலை பார்க்கலாம், வீடு வாங்கலாம், வங்கிக் கணக்கு திறக்கலாம். ஓட்டு கிடையாது, இந்தியப் பாஸ்போர்ட் கிடையாது, அரசு வேலை பொதுவாகக் கிடையாது. பத்திரிகை வேலை, ஆராய்ச்சி, சமயப் பிரசாரம், மலையேற்றம் ஆகியவற்றுக்குத் தனி அனுமதி வேண்டும். இது 4 மார்ச் 2021 அறிவிப்பில் வந்தது.

நம் பக்கத்தில் கவனிக்க வேண்டியது மலேசிய அரசியலமைப்பின் 24ஆம் பிரிவு. வேறு நாட்டின் குடிமக்களுக்கு மட்டுமே உள்ள உரிமையை நாமாக விரும்பிப் பயன்படுத்தினால் மலேசியக் குடியுரிமையைப் பறிக்க அதில் இடமிருக்கிறது. ஓட்டுப் போடுவதும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிப்பதும் அந்த வகை. ஊரில் சித்தப்பா ஆசையாக 'வாக்காளர் பட்டியலில் உன் பேரையும் சேர்த்துடுறேன்' என்றால் அங்கேயே தடுத்துவிடுங்கள்.

வரி: அட்டைக்கும் வரிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. எத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்பதுதான் கணக்கு. ஒரு நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால் நீங்கள் அங்கே குடியிராதவர். இந்தியாவில் கிடைக்கும் வருமானத்துக்கு மட்டும் அங்கே வரி.

நிலத்தைப் பற்றி நாளை எழுதுகிறேன்.

கிராணி மகள், 10 ஜூலை 2023

விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு, இந்த மூன்றையும் ஓசிஐ அட்டைக்காரர் விலைக்கு வாங்க முடியாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். அதையும் விற்கும்போது இந்தியாவில் குடியிருக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்கலாம். வீடு, கடை, மனை வாங்கத் தடையில்லை.

ஏமாறுவது 'மனை' என்ற சொல்லில்தான். கல் நட்டு, சாலை போட்டு, வண்ணக் கொடி கட்டியிருப்பார்கள். சிட்டா எடுத்துப் பார்த்தால் புன்செய் என்றே இருக்கும். முன்பணம் கொடுப்பதற்கு முன் நான்கைக் கேளுங்கள்: பட்டா-சிட்டா, டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் எண், 30 வருட வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம். ஊருக்குள் பழைய குடியிருப்புப் பகுதி என்றால் நத்தம் பட்டா. பத்திரச் செலவாகத் தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பில் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரலுக்கு முன்பு 4 ஆக இருந்தது.

பணம் வங்கி வழியாகத்தான் போக வேண்டும். ரிங்கிட் நோட்டை எண்ணிக் கொடுத்து வாங்கினால், விற்ற பணத்தை ஒருநாள் வெளியே கொண்டுவர நினைக்கும்போது காட்ட ஆதாரம் இருக்காது.

தோட்டத்துப் பையன், 10 ஜூலை 2023

மாமா பேரில் வாங்கிப் போட்டால்?

கிராணி மகள், 10 ஜூலை 2023

வேண்டாம் தம்பி. அது பினாமி. 2016இல் திருத்திய சட்டப்படி நிலம் பறிமுதல், 1 முதல் 7 வருடம் வரை சிறை, சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம். மாமா நல்லவராகவே இருக்கட்டும். மாமாவுக்குப் பிறகு வாரிசாக நிற்கப்போவது அவர் பிள்ளைகள், நீங்கள் அல்ல.

பழைய லயம், 16 ஜூலை 2023

கிராணி மகள் 182 நாள் என்று எழுதியதில் ஒரு திருத்தம். சின்னதாகத் தெரியும், ஆனால் தோட்டத்து ஆட்களில் பாதிப் பேரைத் தொடும்.

இந்திய வருமான வரிச் சட்டத்தில் குடியிருப்பவர் ஆவதற்கு இரண்டு வழி. ஒன்று 182 நாள். இன்னொன்று, அந்த ஆண்டில் 60 நாளும் முந்தைய 4 ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும். ஊருக்கு வந்துபோகும் 'இந்திய வம்சாவளியினருக்கு' அந்த 60ஐ 182 ஆகத் தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால் வரிச் சட்டத்தில் வம்சாவளி என்பது தானோ, தாய் தகப்பனோ, தாத்தா பாட்டியில் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும் என்பது. பூட்டன், அதாவது தாத்தாவின் அப்பா, கணக்கு அங்கே செல்லாது.

ஓசிஐ பூட்டன் வரை போகிறது, வரிச் சட்டம் தாத்தாவோடு நின்றுவிடுகிறது. பூட்டன் வழியில் அட்டை வாங்கியவருக்கு 60 நாள் விதி அப்படியே இருக்கிறது. வருடம் 100 நாள் ஊரில் தங்கும் வழக்கம் உள்ளவர் ஐந்தாவது வருடம் தனக்கே தெரியாமல் குடியிருப்பவர் ஆகிவிடுவார்.

இன்னொன்று: இந்திய வருமானம் 15 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால், வம்சாவளியினருக்கும் 182க்குப் பதில் 120 நாள்.

இந்திய ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை, நமக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. பாஸ்போர்ட் முத்திரைகளைப் பார்த்து இரண்டு கணக்கும் தனித்தனியாக எழுதி வையுங்கள். இறங்கிய நாளையும் கிளம்பிய நாளையும் சேர்த்தே எண்ணுங்கள். அதுதான் பாதுகாப்பு.

கிராணி மகள், 16 ஜூலை 2023

ஆமாம் அண்ணே, நான் தாத்தா கணக்கை மட்டும் மனத்தில் வைத்து எழுதிவிட்டேன். ஒரு சட்டத்தில் கிடைத்த பதிலை அடுத்த சட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. குடியுரிமைச் சட்டம், வரிச் சட்டம், அந்நியச் செலாவணிச் சட்டம், மூன்றும் மூன்று கோடு போடுகின்றன. இந்தப் பக்கம் எல்எச்டிஎன் (மலேசிய வருமான வரி வாரியம்) நான்காவது கோடு.

பழைய லயம், 17 ஜூலை 2023

குடியிருப்பவர் ஆகிவிட்டால் உடனே பதறவும் வேண்டாம். நடுவில் ஒரு படி இருக்கிறது: 'சாதாரணமாகக் குடியிராத குடியிருப்பவர்', சுருக்கமாக ஆர்என்ஓஆர். முந்தைய 10 ஆண்டில் 9 ஆண்டு குடியிராதவராக இருந்திருந்தாலும், அல்லது முந்தைய 7 ஆண்டில் மொத்தம் 729 நாளோ குறைவாகவோ இந்தியாவில் இருந்திருந்தாலும் இந்த நிலை கிடைக்கும். இந்தியாவிலிருந்து நடத்தும் தொழிலின் வருமானம் தவிர, வேறு வெளிநாட்டு வருமானத்துக்கு இந்தியா கை நீட்டாது. மலேசிய வாடகையும் இபிஎப் (மலேசிய ஊழியர் சேமநிதி) டிவிடெண்டும் தப்பும். மொத்தமாகக் குடிபெயர்பவருக்கும் இரண்டு மூன்று வருடம் இந்த நிழல் உண்டு. இபிஎப் பணத்தை எப்போது எடுப்பது என்பதை அதற்குள் முடிவு செய்ய வேண்டும்.

லாடாங் பேத்தி, 2 ஆகஸ்ட் 2023

எங்கள் தாத்தாவே 1930இல் இங்கே எஸ்டேட்டில் பிறந்தவர். அவர் அப்பாதான் சேலத்திலிருந்து கங்காணியோடு வந்தவர். எனக்குத் தகுதி உண்டா? என் மகளுக்கு?

கிராணி மகள், 2 ஆகஸ்ட் 2023

இருவருக்கும் உண்டு. கப்பலில் வந்தவரிடமிருந்து எண்ணத் தொடங்குவதால்தான் பல குடும்பங்கள் 'தலைமுறை தாண்டிவிட்டது' என்று கைவிடுகின்றன. எண்ண வேண்டியது 26 ஜனவரி 1950 அன்று உயிரோடு இருந்தவரிடமிருந்து.

அந்தத் தேதியில் இந்தியக் குடிமகனாவதற்குத் தகுதி பெற்றிருந்தவரின் பிள்ளை, பேரன் பேத்தி, கொள்ளுப்பேரன் பேத்தி வரை ஓசிஐ உண்டு. யாருக்குத் தகுதி இருந்தது? தானோ, தாய் தகப்பனோ, தாத்தா பாட்டியோ 1935 சட்டப்படியான இந்தியாவில் பிறந்து, தான் வெளிநாட்டில் குடியிருந்தவருக்கும் இருந்தது. உங்கள் தாத்தா பிறந்தது எஸ்டேட்டில்தான், ஆனால் அவர் தகப்பன் பிறந்தது சேலத்தில். 1950இல் தாத்தா தகுதி பெற்றவர். நீங்கள் அவர் பேத்தி, உங்கள் மகள் கொள்ளுப்பேத்தி.

தகுதி வேறு, தாள் வேறு. சங்கிலியில் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு தாள் வேண்டும்: உங்கள் பிறப்புப் பத்திரம், அப்பாவுடையது, தாத்தாவுடையது, தாத்தாவின் அப்பா இந்தியாவில் பிறந்ததற்கு ஒன்று. கடைசியில்தான் அறுந்துபோகும். இந்தியா 1938இல் கூலித் தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியது. அதற்கு முன் ஆவடி, நாகப்பட்டினம் முகாம்கள் வழியாக வந்தவர்களில் பலருக்குப் பிறப்புச் சான்றே கிடையாது. பழைய இந்தியப் பாஸ்போர்ட், என்ட்ரி பெர்மிட் (மலேசிய நுழைவு அனுமதி), குடியுரிமைச் சான்று, சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் மலேசிய அடையாள அட்டை), ஊரில் அவர் பேரில் உள்ள பட்டா, தாசில்தார் தரும் பிறப்பிடச் சான்று, இவற்றில் எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். எது போதும் என்று முடிவு செய்வது கோலாலம்பூர் இந்தியத் தூதரகம்தான்.

ராணுவத்தில் இருந்தவர், ஓய்வு பெற்றவர் என்றால் ஓசிஐ இல்லை. வீட்டில் சோல்ஜர் இருந்தால் அவருக்குக் கட்டணத்தைக் கட்டிவிடாதீர்கள். கட்டணம் 275 அமெரிக்க டாலருக்கு ஈடான ரிங்கிட்.

கிராணி மகள், 5 ஆகஸ்ட் 2023

பெயர்ச் சிக்கலைத் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் விண்ணப்பங்கள் அதிகம் திரும்பி வருவது இதனால்தான்.

எஸ்டேட் ஆபீசில் காதில் விழுந்ததை எழுதினார்கள். ஒரே ஆள் ஒரு தாளில் ராமசாமி, இன்னொன்றில் ரம்சாமி, ஐசியில் ராமசம்மி. 'இந்தப் பெயரெல்லாம் ஒரே ஆளுடையது' என்று 1960 சட்டப்படி அக்குவான் பெர்கானுன் (சத்தியப் பிரமாணம்) எழுதி, எல்லா எழுத்துக் கூட்டலையும் தாள் எண்ணோடு வரிசைப்படுத்தி, பெசுருஹ்ஜாயா சும்பாவிடம் (பிரமாண ஆணையர்) கையெழுத்து வாங்குங்கள். இறந்தவருக்காக அவர் பிள்ளை எழுதலாம்.

அடுத்தது நம் பெயரில் உள்ள ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்). இந்தியப் படிவங்கள் கேட்பது இயற்பெயர், குடும்பப்பெயர். நமக்குக் குடும்பப்பெயர் இல்லை. ஓசிஐயில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போடுங்கள். அதற்குப் பிறகு பான் (இந்திய வரி எண்), வங்கி, பத்திரம் எல்லாவற்றிலும் அதே வரிசை, அதே எழுத்து. ஓரிடத்தில் அப்பா பெயர் முன்னால், ஓரிடத்தில் பின்னால் என்று போனால் வங்கி கேஒய்சியில் ஒவ்வொரு முறையும் நிற்கும்.

பெற்றோரின் கல்யாணப் பத்திரம் இல்லை என்று பலர் கேட்கிறார்கள். 1 மார்ச் 1982க்கு முன் கோயிலில் சடங்குப்படி நடந்த கல்யாணம் சட்டப்படி செல்லும். தாள் வேண்டுமென்றால் ஜேபிஎன்னில் (மலேசிய தேசியப் பதிவுத் துறை) இப்போதும் பதியலாம். அதற்குப் பிறகு தாலி கட்டிப் பதியாமல் விட்டவர்களுக்குத்தான் சிக்கல். மனைவி வழியில் அட்டை கேட்டால், பதிவான கல்யாணம் 2 வருடம் நிலைத்திருக்க வேண்டும்.

பழைய லயம், 20 ஆகஸ்ட் 2023

வங்கி. குடியிராதவருக்கு இரண்டு கணக்கு: என்ஆர்இ, என்ஆர்ஓ. மலேசியாவிலிருந்து அனுப்பும் பணம் என்ஆர்இயில். வட்டிக்கு வரி இல்லை, முழுதாகத் திருப்பி எடுக்கலாம். இந்திய வாடகை, நிலம் விற்ற பணம் என்ஆர்ஓவில். இதன் வட்டியில் டிடிஎஸ், அதாவது கொடுக்கும்போதே பிடிக்கும் வரி, 31.2 சதவீதம். இதிலிருந்து வெளியே அனுப்ப நிதியாண்டுக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை இடம் உண்டு, ஆடிட்டர் கையெழுத்தோடு 15சிஏ, 15சிபி படிவங்கள் கேட்பார்கள்.

31.2ஐக் குறைக்க வழி இருக்கிறது. 2012 இந்தியா-மலேசியா வரி ஒப்பந்தத்தில் வட்டிக்கு 10 சதவீதம்தான். 10 லட்சம் ரூபாய் வைப்பில் 7 சதவீத வட்டி 70,000. சும்மா விட்டால் 21,840 பிடிப்பார்கள். ஒப்பந்தத்தைக் காட்டினால் 7,000. காட்ட வேண்டியது எல்எச்டிஎன் தரும் குடியிருப்புச் சான்று, இந்திய வரித் தளத்தில் நிரப்பிய 10எஃப் படிவம், பான். எல்எச்டிஎன் சான்று நாட்காட்டி ஆண்டுக்கு, இந்திய வங்கிக்கு வேண்டியது ஏப்ரல்-மார்ச். அதனால் இரண்டு ஆண்டுச் சான்று வேண்டும். ஜனவரியில் மறந்தால் கடைசிக் காலாண்டு வட்டியில் முழு விகிதம் பிடித்துவிடுவார்கள்.

பிடித்தது போய்விட்டதாக நினைக்க வேண்டாம். மொத்த இந்திய வருமானம் அடிப்படை விலக்குக்குள் (2023-24இல் புதிய முறையில் இது 3 லட்சமாக இருந்தது) இருந்தால் ரிட்டர்ன் போட்டு முழுதும் திரும்ப வாங்கலாம். 7 லட்சம் வரை வரி இல்லை என்று 2023இல் செய்தியில் வந்தது குடியிருப்பவருக்கு மட்டும். 87ஏ தள்ளுபடி குடியிராதவருக்குக் கிடையாது.

பானுக்கு நமக்கு 49ஏஏ படிவம். 49ஏ இந்தியக் குடிமக்களுக்கானது, அதை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் பிறகு அல்லாடுகிறார்கள். ஆதாரோடு இணைக்கவில்லை என்று ஜூலை 1 முதல் பல பான்கள் செயலிழந்தன. வெளிநாட்டுக் குடிமக்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் வரித்துறைப் பதிவில் உங்கள் நிலை 'குடியிருப்பவர்' என்று இருந்தால் கணினிக்கு அது தெரியாது. பாஸ்போர்ட் நகல், ஓசிஐ நகலோடு உங்கள் பான் எந்த அதிகாரியின் கீழ் வருகிறதோ அவருக்கு எழுதித் திருத்துங்கள்.

தோட்டத்துப் பையன், 21 ஆகஸ்ட் 2023

நம்ம நம்பர்ல யுபிஐ ஓடுமா அண்ணே?

பழைய லயம், 21 ஆகஸ்ட் 2023

2023 ஜனவரியில் வந்த 10 நாட்டுப் பட்டியலில் சிங்கப்பூர் இருந்தது, மலேசியா இருக்கவில்லை. இந்திய சிம் வாங்கி என்ஆர்ஓவோடு இணையுங்கள். டாப்அப் செய்யாமல் விட்டால் எண் வேறு ஆளுக்குப் போய்விடும். போனால் ஓடிபியும் போச்சு.

கிராணி மகள், 11 நவம்பர் 2023

இந்தப் பக்கத்து வரியை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியது இதைத்தான்.

ஊரில் ஆறு ஏழு மாதம் தங்கத் தொடங்கியவர் மலேசியாவில் 182 நாளைத் தவறவிடுவார். அப்போது எல்எச்டிஎன் கண்ணில் குடியிராதவர் ஆகலாம்: 30 சதவீதம் சமவிகிதம், கழிவு எதுவும் கிடையாது. தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடு மாதம் 1,200 ரிங்கிட் வாடகைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 14,400. வேறு வருமானம் இல்லாத குடியிருப்பவர் 9,000 சொந்தக் கழிவு போக 5,400க்கு 4 ரிங்கிட் வரி, அதுவும் 400 தள்ளுபடியில் போய்விடும். குடியிராதவருக்குச் செலவு கழிக்காமல் 4,320 ரிங்கிட். அட்டை ஒன்றுதான், தங்கிய நாளால் வந்த வித்தியாசம்.

தப்பிக்க 1967 சட்டத்தின் 7ஆம் பிரிவிலேயே வழி உண்டு. அந்த ஆண்டில் 90 நாள் இங்கே இருந்து, முந்தைய 4 ஆண்டில் 3 ஆண்டு குடியிருப்பவராகவோ 90 நாள் இருந்தவராகவோ இருந்தால் குடியிருப்பவரே. நான்கு ஆண்டும் ஊரிலேயே இருந்துவிட்டு ஐந்தாவதில் கேட்டால் கிடைக்காது.

இரண்டு நாடும் 'என் ஆள்' என்றால் ஒப்பந்தம் வரிசையாகப் பார்க்கும்: நிலையான வீடு எங்கே, குடும்பமும் பொருளும் எங்கே, வழக்கமாக இருப்பது எங்கே, கடைசியில் எந்த நாட்டுக் குடிமகன். ஓசிஐக்காரர் அந்தக் கடைசிக் கேள்வியில் மலேசியர்தான்.

லாடாங் பேத்தி, 14 நவம்பர் 2023

அப்பாவுக்கு 58. ஊரிலேயே இருந்துவிட ஆசை. ஓசிஐயைக் காட்டி இபிஎப் முழுவதையும் எடுக்க முடியுமா?

கிராணி மகள், 14 நவம்பர் 2023

நாட்டை விட்டுப் போவோருக்கான வகையில் முடியாதுமா. அதற்கு ஜேபிஎன்னில் பாரம் கே கொடுத்து மலேசியக் குடியுரிமையைத் துறந்திருக்க வேண்டும். ஆனால் அப்பாவுக்கு அது தேவையே இல்லை. 55 வயதிலேயே எடுக்கும் உரிமை வந்துவிட்டது. இங்கே அதற்கு வரியும் இல்லை.

ஓசிஐயாக 5 வருடம் இருந்து, விண்ணப்பத்துக்கு முன் 12 மாதம் இந்தியாவில் வசித்தால் உண்மையான இந்தியக் குடியுரிமை கேட்கலாம். அது 5(1)(ஜி) பிரிவு. ஆனால் அப்பாவை அவசரப்படுத்தாதீர்கள். மலேசியக் குடிமகனுக்கான நீல ஐசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், உடம்புக்கு முடியாமல் ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குத் திரும்பி வரும் நாளில் அவர் வெளிநாட்டுக்காரர், கட்டணமும் அந்தக் கணக்குதான்.

பழைய லயம், 15 நவம்பர் 2023

பேத்தியின் அப்பாவுக்கு ஒரு சேர்க்கை. ஆர்என்ஓஆர் காலம் முடிந்து முழுக் குடியிருப்பவர் ஆனதும், இந்திய ரிட்டர்னில் எஃப்ஏ அட்டவணையில் வெளிநாட்டுச் சொத்தெல்லாம் காட்ட வேண்டும்: இபிஎப் இருப்பு, மேபேங்க் கணக்கு, இன்சூரன்ஸ், தாமான் வீடு. விட்டால் 2015 கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம். ஓய்வூதியக் கணக்குகளுக்கான 89ஏ சலுகை அமெரிக்கா, கனடா, பிரிட்டனுக்கு மட்டும். மலேசியா அதில் இல்லை. நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்தோடு போனால் என்ஆர்இ கணக்கையும் உள்ளூர்க் கணக்காக மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுத வேண்டும். அந்த வட்டி விலக்கு அன்றோடு முடிந்தது.

பழைய லயம், 4 ஆகஸ்ட் 2024

மனை விற்பவர்களுக்கு, ஜூலை 23 முதல் விதி மாறிவிட்டது. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த மனைக்கு முன்பு பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதம். இனிச் சரிக்கட்டல் இல்லாமல் 12.5. பழைய சொத்துக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வரப்போகிறது என்கிறார்கள்.

பழைய லயம், 18 ஆகஸ்ட் 2024

மேலே சொன்ன வாய்ப்பு வந்துவிட்டது, ஆனால் குடியிருப்பவருக்கு மட்டும். நமக்கு 12.5தான்.

வாங்குபவர் டிடிஎஸ் பிடிக்க வேண்டும், அதுவும் நடைமுறையில் லாபத்தில் அல்ல, மொத்த விலையில். 30 லட்சத்துக்கு வாங்கி 40 லட்சத்துக்கு விற்றால், செஸ் சேர்த்து 13 சதவீதம், 5.2 லட்சம் பிடிபடும். உண்மை வரி 10 லட்ச லாபத்தில் 1.3 லட்சம். மீதி 3.9 லட்சம் ரிட்டர்ன் போட்டுத் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். பத்திரத்துக்கு முன்பே பாரம் 13 போட்டுக் குறைந்த பிடித்தச் சான்று வாங்கிவிட்டால் இது வராது. வாங்குபவருக்கு டான் எண் (வரி பிடிப்பவருக்கான எண்) வேண்டும், 27க்யூ படிவம் தாக்கல் செய்ய வேண்டும். உள்ளூர் ஆளிடம் வாங்குவதுபோல் 1 சதவீதம் பிடித்து 26க்யூபி கட்டினால் தப்பு, நோட்டீஸ் அவருக்குத்தான் வரும். முன்பே சொல்லிவிடுங்கள்.

நேரில் போக முடியாதவர் பவர் பத்திரத்தைத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பலாம். இந்தியாவில் இறங்கி 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டாவிட்டால் சார்பதிவாளர் திருப்பிவிடுவார். விற்கும் அதிகாரம் மட்டும் கொடுங்கள், சர்வே எண்ணோடு. பொதுப் பவர் வேண்டாம்.

கிராணி மகள், 27 அக்டோபர் 2024

இந்தப் பக்கத்திலும் ஒரு மாற்றம். இந்தியாவிலிருந்து தனிநபர் கொண்டுவரும் வருமானத்துக்கான மலேசிய வரி விலக்கு 2026இல் முடிவதாக இருந்தது. 2025 பட்ஜெட்டில் 2036 கடைசி வரை நீட்டியிருக்கிறார்கள். அங்கே வரிக்கு உட்பட்ட வருமானமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அதனால் டிடிஎஸ் சான்று 16ஏயைத் தூக்கிப் போடாதீர்கள்.

லாடாங் பேத்தி, 28 அக்டோபர் 2024

அக்கா, பாட்டிக்கு 81. இன்னும் சிவப்பு ஐசிதான். அவருக்கும் ஓசிஐ எடுத்து ஒருமுறை சேலம் கூட்டிப் போகலாமா?

கிராணி மகள், 28 அக்டோபர் 2024

ஓசிஐ வேறு ஒரு நாட்டின் குடிமகனுக்குத் தருவது. செல்லும் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் கேட்பார்கள். எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லாத சிவப்பு ஐசிக்காரருக்கு அந்த வாசல் திறக்காதுமா. எழுதவே கஷ்டமாக இருக்கிறது. பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் ஆதாரமாக நிற்கும் தாள் அவருடையது, அவருக்கு மட்டும் அட்டை இல்லை.

பாட்டியின் சிவப்பு ஐசி, என்ட்ரி பெர்மிட் இரண்டையும் இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுத்து வையுங்கள், லேமினேட் மட்டும் செய்யாதீர்கள். அவர் பிறந்த ஊர், தகப்பன் பெயர், வந்த கப்பல், இறங்கிய துறை, எல்லாவற்றையும் அவர் வாயால் சொல்லச் சொல்லி இந்த வாரமே எழுதிக்கொள்ளுங்கள். சேலம் தாசில்தார் அலுவலகத்தில் முதலில் கேட்பது கிராமத்தின் பெயர்தான்.

அடுத்த வாரம் ஈப்போ ஜேபிஎன் போகிறவர்கள் சொல்லுங்கள். பாட்டியின் குடியுரிமை விண்ணப்பத்துக்கு என்னென்ன தாள் வேண்டும் என்று கவுண்டரில் கேட்டு வாருங்கள்.